வாரம் இரண்டு விரற்கடை

கோடையில் புல்லை வாரம் ஒருமுறை வெட்டினால் போதும். இரண்டு முறை வெட்டினால் வேர் நலிந்துவிடும். வெட்டாமல் விட்டால் கணுக்கால் வரை வளர்ந்து, உட்கார்ந்திருப்பவர்களின் காலில் பூச்சி ஏறும். இந்த ஊர் நகராட்சியின் பூங்காத் துறையில் இருபத்தாறு வருடம் புல் வெட்டியவன் நான். சிப்பி அரங்கத்தில் இந்த வருடம் நாற்காலிகளுக்கு அடியில் புல் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும், மார்சி. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நான் வந்தது புல்லைப் பற்றிப் பேச அல்ல. ஒரு புகார் கொடுக்க வந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்திருக்கும் மைலீ வாங், பொதுமக்களின் நாற்காலிகளை இடம் மாற்றுகிறாள். குறிப்பாக லவான் பிரிபிலின் நாற்காலியை. வாரம் நான்கு விரற்கடை வீதம், அதாவது நான்கு விரல் அகலம், பத்து வாரமாக. பூங்காத் துறைத் தலைவி என்ற முறையில் நீங்கள் இதை எழுத்தில் பதிய வேண்டும்.

"யாருக்கும் தெரியாம ஒரு நாற்காலிய எப்படி நகர்த்த முடியும், வெண்டெல்?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். முடியும் என்று நான் காட்டினால்தான் என் புகார் நிற்கும். அதற்காக மட்டும் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். அவசரப்படாமல் தட்டச்சு செய்யுங்கள், நான் நிதானமாகவே பேசுவேன்.

நமக்குத் தெரிந்ததையே பதிவுக்காகச் சொல்கிறேன். நம் கெட்டில் பெண்ட் ஊரில் வியாழன்தோறும் மாலை ஏழு மணிக்கு, சிப்பி அரங்கத்தின் திறந்த மேடையில் ஊர் பேண்டு வாசிக்கும், எதிரே புல்மேட்டில் உட்கார்ந்து எல்லோரும் கேட்பார்கள். மே மாதக் கடைசி வியாழனில் தொடங்கினால் பதினான்கு வாரம். நுழைவுச் சீட்டு கிடையாது. பல் டாக்டர் ட்யூபா ஊதுவார், தபால் நிலைய அம்மாள் டிரம் அடிப்பார், தேவாலயப் பெண்கள் ஒரு மேஜை போட்டு கேக் கொடுப்பார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது அங்கேதான் தெரியும். குழந்தை பிறந்தால் முதலில் அந்தப் புல்மேட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணம் நிச்சயம் ஆனால் மேடையில் அறிவிப்பார்கள்.

நாற்காலி வழக்கம் உங்களுக்குத் தெரியும். மே மாதம் வீட்டிலிருந்து மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தங்கள் இடத்தில் போட்டுவிட்டால், செப்டம்பர் வரை அது அங்கேயே கிடக்கும். மழை பெய்தாலும் கிடக்கும். யாரும் திருட மாட்டார்கள், யாரும் அதில் உட்கார மாட்டார்கள், யாரும் அதைத் தொடக்கூட மாட்டார்கள். ஆள் இறந்துபோனாலும் அந்தக் கோடை முடியும்வரை நாற்காலியை எடுப்பதில்லை. அடுத்த வருடம் மே மாதம் வந்து, சென்ற வருடம் விட்ட அதே இடத்தில் மீண்டும் போடுவார்கள். நாற்காலியை யார் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே, இந்த ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றைத் தொடும் உரிமை இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. ஏனென்றால் புல் வெட்ட வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்கு நான் ஒவ்வொரு வரிசையாகத் தூக்கி ஓரம் வைப்பேன், வெட்டுவேன், திரும்ப அதே இடத்தில் வைப்பேன். கோல்ஃப் பந்தைத் தாங்கும் சின்ன மரக் குச்சிகள் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தேன். ஒவ்வொரு நாற்காலியின் முன்காலுக்கும் ஒரு குச்சி குத்திக் குறி வைத்துக்கொள்வேன். ஒரு விரற்கடைகூட மாறாது. முதல் பன்னிரண்டு வருடம் நான் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றவில்லை. இதையும் பதிந்துகொள்ளுங்கள். நல்லது செய்த வருடங்களை யாரும் பதிவதில்லை.

முதலில் நகர்த்தியது ஷட் சகோதரர்களை. ஆர்வினும் லைலும் அப்பாவின் டிராக்டர் யாருக்கு என்பதில் பேச்சை நிறுத்தி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஒருவர் இந்தக் கோடியில், ஒருவர் அந்தக் கோடியில். எனக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. புல் வெட்டிவிட்டு வைக்கும்போது ஆர்வினை நடுவை நோக்கி வாரம் ஒரு சாண், லைலையும் நடுவை நோக்கி ஒரு சாண். வேறொன்றும் செய்யவில்லை. நடுவில் இருந்தவர்களை அப்படியும் இப்படியுமாகக் கொஞ்சம் ஒதுக்கினேன். மூன்றாவது கோடையில் இருவரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு மாலை, கொசு மருந்து டப்பாவை ஆர்வின் நீட்டினார். லைல் வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம்தான் இருக்கு. பாத்து அடி" என்றார் ஆர்வின்.

"தெரியும்" என்றார் லைல்.

அவ்வளவுதான் பேச்சு. ஊரே கண் கலங்கியது. ஒருவராவது நாற்காலி நகர்ந்ததைக் கவனித்தார்களா? இல்லை. கவனித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். நம்மூர்க்காரர்களை எனக்குத் தெரியும். ஒருவன் காலை இன்னொருவன் மிதித்தால், மிதி வாங்கியவன்தான் மன்னிப்புக் கேட்பான்.

அன்று எனக்குப் புரிந்தது, இந்த அரங்கத்துக்கு மேடைக்குக் கீழேயும் ஒரு இசை நடத்துநர் தேவை என்று. நகராட்சி அதற்கு ஆள் போடவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

ஹாகமன் குடும்பம் அடுத்தது. ஒன்பது பேர், ஆறடிக்குக் குறைந்தவர் யாரும் இல்லை, எல்லோருக்கும் தொப்பி. இரண்டாவது வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? பொது நன்மைக்காக அவர்களை மேட்டில் பின்னோக்கி ஏற்றினேன். வாரம் ஒரு சாண். பெரிய குடும்பத்தை நகர்த்துவது எளிது, எல்லாம் சேர்ந்து நகர்வதால் தங்களுக்குள் எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆறு கோடை ஆனது. நான்காவது கோடையில் பெரியவர் எல்மர் மட்டும் ஒருநாள் என்னிடம் வந்தார்.

"வெண்டெல், நாங்க முன்னாடி மேடைக்குக் கொஞ்சம் கிட்ட இருந்த மாதிரி ஒரு ஞாபகம்பா."

"சரிவு, எல்மர்" என்றேன். "மழ பேஞ்சா மண்ணு இழுக்கும். நாற்காலியும் கூடவே போயிடும்."

அவர் மேட்டின் மேலே நின்றுகொண்டு கீழே தெரிந்த மேடையைப் பார்த்தார். நாற்காலிகள் சரிந்ததாகச் சொன்னேனே, அவை மேல்நோக்கிச் சரிந்திருந்தன.

"ஆமா, சரிவுதான்" என்றார். "உனக்கு வேற தொந்தரவு குடுத்துட்டேன்."

ஆறாவது கோடை முடிவில் அவர்கள் நடமாடும் கழிப்பறைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து மேடை தெரியாது, ட்யூபா மட்டும் கேட்கும். அதற்கடுத்த வருடம் எல்மர் காலமானார். குடும்பம் நன்கொடை கொடுத்து ஒரு கல் பெஞ்சு வைத்தது. அந்தக் கழிப்பறைகளின் பின்னால்தான். 'எல்மர் ஹாகமன் மிகவும் நேசித்த இடத்தில்' என்று பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறதே, அந்தத் தகட்டைத் திருகாணி போட்டு மாட்டியவன் நான். நேராகத்தான் மாட்டினேன்.

நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, தண்ணீர் குடியுங்கள். இதெல்லாம் முன்கதை. புகாருக்குத் தொடர்புடையது டுவேன், லவான் விஷயம்தான்.

டுவேன் பிரிபில் மோசமான ஆள் இல்லை. குளிரில் வண்டி நின்றுபோனால் முதலில் வந்து தள்ளுகிறவன் அவன். ஆனால் தாளம் தப்பிக் கை தட்டுவான். அணிவகுப்புப் பாட்டு வாசிக்கும்போது எல்லோரும் தட்டுவார்கள் அல்லவா, இவன் அரைத் தாளம் தாமதமாகத் தட்டுவான். பலமாகத் தட்டுவான். சந்தோஷமாகத் தட்டுவான். பக்கத்தில் இருப்பவர்கள் மரியாதைக்காக அவனோடு சேர்ந்துகொள்வார்கள். மூன்றாவது பாட்டுக்குள் இடது பக்க மேடு முழுவதும் தாமதம். தபால் நிலைய அம்மாள் குழம்பிப்போய்த் தன் டிரம்மையே சந்தேகப்படுவார். இசையை மதிக்கிற எவனும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அவன் மனைவி லவான் சரியாகத் தட்டுவாள். மேப்பிள் மரத்துப் பக்கம் அவர்கள் இருவரின் பச்சை வெள்ளைப் பட்டை போட்ட நாற்காலிகள், கைப்பிடிகள் உரச உரச இருக்கும். நடுவில் ஒரே ஒரு சோளப்பொரிப் பொட்டலம். வியாழன்தோறும் நிகழ்ச்சி தொடங்குமுன் லவான் ஒரு காகிதத் தட்டில், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் வைத்துக்கொண்டு, புல்வெட்டி நிறுத்தும் கொட்டகை வரை நடந்து வருவாள். நான் அங்கே நின்றுதான் கேட்பேன், எனக்கென்று நாற்காலி கிடையாது. புளிப்பும் இனிப்புமான கேக்.

"எப்பவும் அதே எடத்துல வெக்கிறீங்க, வெண்டெல்" என்றாள் ஒருமுறை. "கண்ண மூடிட்டு உக்காரலாம். உங்களோட நிதானம் யாருக்கு வரும்?"

இருபத்தாறு வருடத்தில் என் வேலையைப் பாராட்டி ஒருவர் சொன்ன ஒரே வார்த்தை அது. அந்தத் தட்டை நான் தூக்கி எறியவில்லை. அது இங்கே முக்கியமில்லை. டுவேனின் கை தட்டல்தான் முக்கியம்.

அவனை மட்டும் வலப்பக்கம் நகர்த்தினேன். அவனை டிரம்முக்கு நேராகக் கொண்டுபோனால் தாளம் காதில் விழும், திருந்துவான் என்பது என் எண்ணம். வாரம் இரண்டு விரற்கடை. ஹாகமன்களைப் போலச் சாண் கணக்கில் போகவில்லை, ஏனென்றால் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு நாற்காலிகளைப் பிரிப்பது நுட்பமான வேலை. முதல் கோடையில் சோளப்பொரியைக் கை நீட்டி எடுக்க வேண்டி வந்தது. ஜூலையில் பொட்டலம் நடுவில் விழுந்து சிதறியது. இருவரும் ஒரே நேரத்தில் "மன்னிச்சுக்க" என்றார்கள். அடுத்த வாரம் இரண்டு பொட்டலம் வாங்கினார்கள்.

இரண்டாவது கோடையில் டுவேன் இரும்புக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"லவானுக்கு எம்மேல ஏதோ வருத்தம் போலருக்கு வெண்டெல். நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கறா."

"கேட்டியா?"

"கேக்கறதா?" அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதெப்படிப்பா கேக்கறது? அவளுக்கு எடம் வேணும்னா எடுத்துக்கட்டும். அவ எனக்கு முப்பத்தெட்டு வருஷம் சமைச்சுப் போட்டிருக்கா."

அதே வாரம் கொட்டகைக்கு வந்த லவான், தட்டை நீட்டியபடி, "டுவேனுக்கு என் பக்கத்துல காத்து வரலையோ என்னவோ" என்றாள். அவள் முகம் வாடியிருந்தது. "நான் ஒண்ணும் கேட்டுக்கல. ஆம்பளைக்குன்னு ஒரு மனசு இருக்குமில்ல?"

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நாற்காலியை யார் நகர்த்தினார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க முடியாத இரண்டு பேருக்காக ஊர் இசை கெட்டுப்போகலாமா? நான் தொடர்ந்தேன். மூன்றாவது கோடையில் நடுவே விழுந்த இடைவெளியில், பக்கத்து ஊரிலிருந்து வரும் ஒரு தம்பதி, இடம் காலியென்று நினைத்து ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். பிரிபில்கள் இருவருமே அவர்களை வரவேற்றார்கள். டுவேன் அந்த ஐஸ் பெட்டியைத் தூக்கக்கூட உதவினான்.

நான்காவது கோடை முடிவில் இருவருக்கும் நடுவே ஏழடி. ஊர் நாற்காலிகளைப் பார்த்தது, முடிவு செய்தது. தேவாலயத்தில் அவர்களுக்காகப் பிரார்த்தனை செய்தார்கள், பெயர் சொல்லாமல். சிலர் லவானுக்குப் பாத்திரத்தில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிலர் டுவேனை மீன் பிடிக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் இப்படி அன்பாக நடந்துகொண்ட பிறகு, பிரியாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். அக்டோபரில் டுவேன் தூண்டில் கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பெட்டிகளை வண்டியில் ஏற்ற நானும் உதவினேன். அன்றும் அவன் எனக்கு நன்றி சொன்னான்.

ஆம், மார்சி. அந்தக் கல்யாணத்தை நான்தான் பிரித்தேன். ஐம்பத்தாறு வியாழக்கிழமை, வியாழனுக்கு இரண்டு விரற்கடை. பதிந்துகொள்ளுங்கள். அவன் இன்றைக்கும் தாளம் தப்பியே தட்டுகிறான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த வகையில் முயற்சி முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு நஷ்டம். அந்த ருபார்ப், டுவேனின் தோட்டப் பாத்தியில் அவனே வளர்த்தது என்பது எனக்குத் தெரியாது. அவன் போனதும் பாத்தி காய்ந்தது. கேக் நின்றது.

இந்த வசந்த காலத்தில் நான் ஓய்வு பெற்றேன். விருந்தில் நீங்கள் எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்தீர்கள், நன்றாக ஓடுகிறது. மே மாதம், வாழ்க்கையில் முதல் தடவையாக, சிப்பியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டேன். அலுமினிய நாற்காலி, இருப்பதிலேயே லேசானது, ஒற்றை விரலால் தூக்கிவிடலாம். கடைக்காரரிடம் எடை கேட்டுத்தான் வாங்கினேன். எங்கே போடுவது என்று பார்த்தபோது, மேப்பிள் மரத்துக்கும் லவானின் நாற்காலிக்கும் நடுவில் சரியாக ஒரு நாற்காலி அளவுக்கு இடம் இருந்தது. முன்பு அங்கே இருந்த பேக்கரிக்காரர் எப்படி அடுத்த வரிசைக்குப் போனார் என்பதை விவரிக்க இப்போது நேரமில்லை.

"ஓ, வெண்டெல்" என்றாள் லவான். "நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. எடம் இருக்கே."

அன்று பேண்டு வாசித்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே ஐந்து விரற்கடை. அவள் சோளப்பொரியை என் பக்கம் நீட்டினாள். இரண்டு எடுத்துக்கொண்டேன். நான் சந்தோஷமாக இருந்தேன். அறுபத்து நான்கு வயதில் ஒருவன் மர நிழலில் உட்கார்ந்து சந்தோஷமாக இருப்பதில் என்ன தப்பு? நிழலுக்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பழக்கதோஷத்தில் இரண்டு நாற்காலிகளுக்கும் கோல்ஃப் குச்சி குத்தி வைத்திருந்தேன். அடுத்த வியாழன் போய்ப் பார்க்கிறேன், ஐந்து விரற்கடை ஒன்பது ஆகியிருந்தது. என் நாற்காலி குச்சியிலேயே இருந்தது. அவளுடையது வலப்பக்கம் போயிருந்தது. அதற்கடுத்த வாரம் பதின்மூன்று. பிறகு பதினேழு. மூன்றாவது வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இது தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை என்று. ஆனால் அனுபவம் போதாது. வாரம் நான்கு விரற்கடை மிக அதிகம், யாருக்கும் கண்ணில் பட்டுவிடும். அதோடு நாற்காலியைத் தரையில் இழுத்திருக்கிறாள். புல்லில் இரண்டு கோடு தெரிகிறது. நான் ஒருபோதும் இழுத்ததில்லை, தூக்கித்தான் வைப்பேன். ஒருவருடைய வாழ்க்கையில் கை வைக்கும்போது கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

இப்போது எனக்கும் லவானுக்கும் நடுவே இரண்டரை அடிக்கு மேல். போன வாரம் சோளப்பொரி எட்டவில்லை. அவள் நீட்டவும் இல்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் வீட்டுக்குப் போய் இரவு சாப்பிடவில்லை. ஒரு மனிதனின் நாற்காலிப் பக்கத்தில் இருப்பவரை இப்படிச் சத்தமில்லாமல் கொண்டுபோவது எவ்வளவு கொடுமை என்று செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. இதுதான் என் புகார். மைலீ வாங்கை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், லவானின் நாற்காலியை மே மாதத்து இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். குச்சி இன்னும் அங்கேயே இருக்கிறது.

நான் முடித்த பிறகு நீங்கள் சொன்னதையும் பதிவில் சேர்க்கச் சொல்கிறீர்கள். சேர்க்கலாம், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

"மைலீ ஒரு நாற்காலியக்கூடத் தொடல, வெண்டெல்" என்றீர்கள். "இந்த வருஷம் நடைபாதையும் ஓரமும் மட்டுந்தான் வெட்டணும்னு நாந்தான் சொல்லியிருக்கேன். நாற்காலி உடைஞ்சா யார் பொறுப்புன்னு வக்கீல் கேட்டார். அதனாலதானே அடியில புல்லு அவ்ளோ ஒசரம்? நீங்களே வந்ததும் சொன்னீங்களே."

புல் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான்.

"லவான்தான் இழுத்துக்கறாங்க" என்றீர்கள். "வாராவாரம். எல்லாரும் கேக் வாங்க எந்திரிக்கும்போது, ஏதோ கீழ விழுந்தத எடுக்கற மாதிரி குனிஞ்சு, ஒரு இழு. அந்தப் பக்கம் டுவேனும் அதேதான். ஷூ லேஸ் கட்டற மாதிரி குனியறாரு. அவர் ஷூவுல லேஸே கெடையாது. ஐஸ் பெட்டிக்காரங்க போன மாசமே பின் வரிசைக்குப் போயிட்டாங்க, எடம் விடணுமேன்னு. கேக் மேஜையில ஊரே எண்ணிட்டிருக்கு. இன்னும் ரெண்டடிதான் பாக்கி. கடைசி வியாழனுக்குள்ள சேந்துருவாங்க. யாரும் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. சொன்னா வெக்கப்பட்டு ரெண்டு பேரும் நிறுத்திருவாங்கன்னு பயம்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "டுவேன் பாத்தியில மறுபடி தண்ணி விடறாராம்" என்றீர்கள்.

உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, மார்சி. ஆனால் நீங்கள் இந்தப் பதவிக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அந்த மேட்டை எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் ஒருவர் தன் நாற்காலியைத் தானே நகர்த்திக்கொள்வதை நான் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததே இல்லை. நடந்தது என்னவென்று எனக்கு இப்போது விளங்கிவிட்டது. மைலீ மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பாவம், அவள் மேல் தப்பில்லை. அதற்குப் பதிலாக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொள்ளுங்கள். சிப்பி அரங்கத்தின் இடது பக்க மேட்டை நகராட்சிப் பொறியாளர் உடனே வந்து அளக்க வேண்டும். நிலம் டுவேன் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மழை பெய்தால் மண் இழுக்கும், நாற்காலியும் கூடவே போகும். எல்மர் ஹாகமனே ஒப்புக்கொண்ட விஷயம் இது. இன்னும் நான்கு வாரம்தான் இருப்பதால் அவசரம் என்று மேலே குறித்துவிடுங்கள்.

அப்படியானால் பக்கத்திலேயே இருக்கும் என் நாற்காலி மட்டும் ஏன் ஒரு விரற்கடைகூடச் சரியவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

என்னுடையது கனமான நாற்காலி, மார்சி.